சேர் சி. வி. இராமன்: மிருதங்கமும் வைரமும்

சேர் சி. வி. இராமன் என்றவுடன் கடலின் நீலமும் ஒளியின் சிதறலும் நொபெல் பரிசுமே நம்மவர் நினைவுக்கு வருவன. பாடசாலை விஞ்ஞான நூல்களில் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவனவும் அவையே. ஆயின் அப்பெரியாருடைய அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி வாழ்வைத் தொடக்கமுதல் முடிவுவரை நோக்குவார்க்கு, ஒளிக்கு முன்னரே தோன்றி ஒளிக்குப் பின்னரும் தொடர்ந்த வேறொரு வினா அதனூடே இழைபோல ஓடுவது புலனாகும். அதிருகின்ற பொருளொன்று எத்தனை வகையாக அசைய வல்லது என்பதே அவ்வினா. இணைந்த கணிதமும் பொறியியலும் பயின்ற எமது பழைய மாணவர் இதனைச் சுயாதீனப் படிகள் என்னும் தலைப்பிலே சந்தித்திருப்பர். சந்தித்த வேகத்திலே மறந்துமிருப்பர். அவ்வினாவுக்கு இராமன் ஒருமுறை மிகச் சிறந்த விடை கண்டார். பிற்காலத்தில் அதே வினாவை வேறொரு பொருளிடத்து எழுப்பிப் பெரிதும் இடறினார். இரண்டையும் ஒருங்கே சொல்லும் வரலாறுகள் குறைவாதலின் அவற்றைப் பற்றியே இம்மலரிற் சில பக்கம் எழுத முற்பட்டோம்.

முதலிற் சுயாதீனப் படி யாதென்று இளைய மாணவர்க்குக் கூறுதல் வேண்டும். ஒரு பொருள் இக்கணத்தில் எந்நிலையில் உள்ளதென்பதை ஐயமறச் சொல்லுதற்கு எத்தனை எண்கள் வேண்டுமோ, அத்தனை சுயாதீனப் படிகள் அதற்கு உண்டு. ஸ்கந்தபுரத்து வளவொன்றில் வேப்பங்கிளையிற் கட்டிய ஊஞ்சலை எண்ணிக்கொள்வோம். அது முன்னும் பின்னும் மட்டுமே ஆடும் என்று கொண்டால், கயிறு சாய்ந்த கோணம் ஒன்றே போதும், படி ஒன்று. பக்கவாட்டிலும் ஆடும் என்றால் இரண்டு. பலகை முறுகித் திரும்புவதையும் சேர்த்தால் மூன்று. கிளையும் வளைந்து நிமிர்கின்றது என்பதை ஏற்றுக்கொண்டால் நான்கு. ஊஞ்சல் என்னவோ ஒன்றுதான். கணக்கிடுவோன் எவற்றை அசையவிட்டான், எவற்றை அசையாதனவென்று ஒதுக்கினான் என்பதே எண்ணைத் தீர்மானிக்கின்றது.

பொறியியலாளர் கட்டடங்களையும் பாலங்களையும் கணிப்பதும் இவ்வாறே. உயர்ந்த தூண்களின்மேல் நிற்கும் நீர்த்தாங்கி மேல்வரை நிரம்பி மூடப்பட்டிருக்குமாயின், நுனியிற் பாரம் வைத்த கோலொன்றுக்கு ஒப்பாக, ஒரே படியுடையதாய் அது கொள்ளப்படும். பாதியளவே நீர் நிற்குமாயின் உள்ளே நீர் அலம்பும்; நிலம் நடுங்கும்போது அவ்வலம்பல் தாங்கியின் ஆட்டத்தையே மாற்றும். ஆகையால் அலம்பும் நீருக்கெனத் தனியாக ஒரு திணிவைச் சேர்த்து, இரண்டு படியாகக் கணித்தல் வேண்டும். படிகள் எத்தனையோ அத்தனை இயல்பு அதிர்வுகள் உண்டு; ஒவ்வொன்றுக்கும் ஒரு மீடிறன் உண்டு; எத்துணைச் சிக்கலான ஆட்டமும் அவ்வியல்பு அதிர்வுகளின் கலவையே. படியை வேண்டிய அளவினுங் குறைத்துவிட்டால், உண்மையில் நிகழும் ஓர் அதிர்வு தாளிலிருந்து மறைந்துபோகும். வரம்பின்றிக் கூட்டினால் கணக்குக் கைக்கு அடங்காது. எங்கே நிறுத்துவது என்பதே இத்துறையின் முழு வித்தையும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். சந்திரசேகர வேங்கட இராமன் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆந் திகதி பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் ஆசிரியர். பின்னர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியிலே கணிதமும் பௌதிகவியலும் கற்பித்தவர். வயலின் வாசிப்பதில் ஈடுபாடுடையவர். நூலும் நரம்பும் ஒரே வீட்டில் இருந்தன என்க. மகன் பதினொரு வயதில் மற்றிக்குலேசன் தேறி, 1904இற் சென்னை மாநிலக் கல்லூரியிலே முதன்மையாகப் பி. ஏ. பட்டமும், 1907இல் எம். ஏ. பட்டமும் பெற்றார். மாணவராயிருக்கும்போதே 1906இல் அவருடைய முதற் கட்டுரை இலண்டனிலிருந்து வெளிவந்த விஞ்ஞான ஏட்டில் அச்சேறியது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஒலியுணர்வு பற்றி எழுதிய பெருநூல் தம் வாழ்வை உருவாக்கிய நூல்களுள் ஒன்றென இராமன் பிற்காலத்திற் போற்றினார்.

அந்நாளில் இந்திய இளைஞரொருவருக்கு ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு அரிது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல அவருடைய மெலிந்த உடல்நலம் இடந்தரவில்லை. ஆகவே நிதித்துறைப் பரீட்சை எழுதி, 1907இற் பதினெட்டு வயதிலே கல்கத்தாவில் உதவிக் கணக்காளர் நாயகமாக அமர்ந்தார். அவ்வாண்டே லோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் வீணை பயின்றவர். கல்கத்தாவின் பௌபசார் வீதியிலே மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் ஏறக்குறைய ஆளரவமின்றிக் கிடந்தது. காலையில் அலுவலகம் செல்லுமுன்னும், மாலையில் அலுவலகம் விட்டபின்னும் இராமன் அங்கே சென்றார். இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் இடமாற்றம் பெற்ற காலம் நீங்கலாக ஏறத்தாழப் பத்தாண்டு இவ்வாறே கழிந்தது. அரசாங்கத்தின் பேரேடும் வயலினின் நரம்பும் ஒரே நாளில் ஒரே மனிதரின் கையில் இருந்தன. இன்று நேரமில்லை என்று சொல்லும் ஆசிரியரும் மாணவரும் இதனைச் சற்றுக் கருத்தூன்றிப் பார்க்கலாம்.

வயலினை அவர் தேர்ந்தது தற்செயலன்று. அதன் நரம்பு அதிருகின்றது. நரம்பு தாங்கியைத் தள்ளுகின்றது. தாங்கி மரப்பெட்டியை அதிர்விக்கின்றது. பெட்டியின் அதிர்வு மீண்டும் நரம்பைத் தாக்குகின்றது. நரம்பை மட்டும் தனித்து எடுத்துக் கணித்தவர்களுக்கு ஒரு விந்தை விளங்காமலே இருந்தது. நல்ல வயலினிலும் செல்லோவிலும் ஏதேனும் ஒரு சுரத்தில் வில்லை எவ்வளவு திறமையாக இழுத்தாலும் நாதம் நிலைக்காது. விம்மி விம்மி ஓநாய் ஊளையிடுவது போல ஒலிக்கும். மேனாட்டார் அதனை ஓநாய்ச் சுரம் என்றே அழைப்பர். 1916 முதலாக இராமன் இதனை ஆராய்ந்து, நரம்பின் மீடிறனும் பெட்டியின் இயல்பு மீடிறனும் ஒன்றையொன்று நெருங்கும் இடத்திலேயே இது நிகழ்கின்றதெனவும், சத்தி நரம்புக்கும் பெட்டிக்குமிடையே மாறிமாறிச் செல்வதே விம்மலுக்குக் காரணமெனவும் காட்டினார். குறுக்கே கட்டிய ஒரே கொடியில் இரண்டு கல்லைச் சம நீளக் கயிற்றிலே தொங்கவிட்டு ஒன்றை ஆட்டிப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும்: முதற்கல் மெல்ல ஓய, மற்றது ஆடத் தொடங்கும், பின்னர் அது ஓய, முதற்கல் மீண்டும் ஆடும். ஒரு படி என எண்ணிய இடத்தில் உண்மையில் இரண்டு படி இருந்தன. வில்லாற் பயிலும் நரம்புக்கருவிகள் பற்றிய அவருடைய விரிவான நூல் 1918இல் அச்சங்கத்தின் வெளியீடாக வந்தது.

அதற்கு முந்திய 1917ஆம் ஆண்டிலேயே, சேர் ஆசுதோஷ் முக்கர்ஜி அழைக்க, சம்பளம் பெரிதும் குறைந்த பாலித் பேராசிரியர் பதவியை ஏற்று, அரசாங்க உத்தியோகத்தைத் துறந்தார். உற்றார் பலர் இதனை விவேகமென்று கருதியிரார்.

நரம்புக்கருவிகளில் அவர் அடுத்து எடுத்தவை நம் வீணையும் தம்புராவும். நரம்பை எந்தப் புள்ளியில் மீட்டுகின்றோமோ, அப்புள்ளியைக் கணுவாகக் கொண்ட மேற்றொனிகள் எழா என்பது மேனாட்டுப் பௌதிகவியலின் பழைய விதி. வீணையில் அவ்விதி பொய்த்துப்போவதை 1921இல் இராமன் காட்டினார். வீணையின் குதிரை கூரிய விளிம்பன்று. மெல்ல வளைந்த உலோகப்பரப்பு. அதிரும் நரம்பு அப்பரப்பை விட்டும் தொட்டும் செல்லுகையில் எழமாட்டா என்றிருந்த மேற்றொனிகளும் எழுகின்றன. வீணை செய்த தச்சர் அச்சமன்பாட்டை எழுதியிரார்; அதன் விடையைக் கேட்டிருந்தார்.

இப்போது மிருதங்கம். இவ்விடத்திலே சற்றுத் தரித்து நிற்க விரும்புகின்றோம். ஏனெனில் இராமனுடைய ஆராய்ச்சிகளில் எமக்கு மிக உவப்பானது இதுவே.

வட்டமாக இழுத்துக் கட்டிய ஒருசீரான தோலின் அதிர்வுகளை இங்கிலாந்தின் ரேலி பிரபு 1877இல் வெளிவரத் தொடங்கிய தம் ஒலியியல் நூலில் விரிவாகக் கணித்திருந்தார். கயிற்றில் ஆடும் கல்லுக்கு ஒரு படி. தோலுக்கோ படிகள் எண்ணிறந்தன. தோலின் ஒவ்வொரு புள்ளியும் தனித்து மேலுங் கீழும் செல்ல வல்லது. அவ்வெண்ணிறந்த இயல்பு அதிர்வுகளின் மீடிறன்கள் நரம்பிலே போல ஒன்று, இரண்டு, மூன்று என முழுவெண் விகிதத்தில் அமைவதில்லை. முதலாவதை 1 எனக் கொண்டால் அடுத்தவை 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒன்றோடொன்று இசையாது செல்லும். ஆகவேதான் மேனாட்டு முரசுகள் பெரும்பாலும் தாளத்துக்கன்றிச் சுருதிக்கு உதவா. தோற்கருவி என்றாலே இன்னிசைக்கு அப்பாற்பட்டது என்னும் கருத்து அங்கே வேரூன்றியிருந்தது.

ஆனால் நம் மிருதங்கத்தின் வலந்தலை சுருதி சேர்கின்றது. அது எவ்வாறு? 1920இல் இராமனும் அவருடைய மாணவர் சிவகாளி குமாரும் இதுபற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டனர். பதினான்கு ஆண்டின் பின்னர், 1934இல், தாமே நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதலாந் தொகுதியிலே இராமன் அதனை விரித்து எழுதினார். அவர் கையாண்ட கருவி என்ன? நுண்ணிய மணல். வலந்தலையின்மீது மணலைத் தூவி, விரலை ஓரிடத்தில் மெல்லத் தொட்டுக்கொண்டு மற்றோரிடத்தில் தட்டினால், அதிரும் இடங்களிலிருந்து மணல் துள்ளி நீங்கி, அதிராத கணுக்கோடுகளிலே வந்து சேரும். கோலங்கள் தோன்றும். சங்கீத அறையில் மிருதங்கமும் ஆற்றுமணலும் உள்ள எந்தப் பாடசாலையிலும் இதனைச் செய்து பார்க்கலாம். வித்துவானிடம் முன்னதாக அனுமதி பெறுதல் நலம்.

அக்கோலங்களை ஆராய்ந்த இராமன் கண்டது இது. முதலாஞ் சுரம் எழும்போது தோல் முழுதும் ஒருங்கே மேலுங் கீழுமாக அசைகின்றது. இரண்டாஞ் சுரத்தில் ஒரு விட்டம் கணுக்கோடாக நிற்க, இருபாதியும் எதிரெதிராக அசைகின்றன. மூன்றாஞ் சுரத்துக்கு இரண்டு கோலங்கள் உரியன: இரண்டு விட்டங்கள் நிற்பது ஒன்று, உள்ளே ஒரு வட்டம் நிற்பது மற்றொன்று. நான்காஞ் சுரத்துக்கும் இரண்டு: மூன்று விட்டங்கள், அல்லது ஒரு விட்டமும் ஒரு வட்டமும். ஐந்தாஞ் சுரத்துக்கு மூன்று: நான்கு விட்டங்கள், இரண்டு விட்டமும் ஒரு வட்டமும், இரண்டு வட்டங்கள். விட்டத்தின் திசை மாறுவதைத் தனியாக எண்ணாதவிடத்து மொத்தம் ஒன்பது இயல்பு அதிர்வுகள். வெறுந் தோலிலே அவ்வொன்பதும் ஒன்பது வேறு மீடிறன் உடையன. மிருதங்கத்திலோ அவை ஐந்து கூட்டமாய் ஒடுங்கி, அவ்வைந்தும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்னும் விகிதத்தை மிக நெருங்கி நிற்கின்றன.

இம்மாயத்தைச் செய்வது நடுவிலே இடப்படும் கரணை. கிட்டக்கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய படலங்களாக, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடுத்ததாக, நடுவிலே தடித்தும் ஓரத்தை நோக்கி மெலிந்தும் வருமாறு அப்புவர். நடுப்பகுதி பெரிதும் அசையும் அதிர்வுகளை அப்பாரம் மிகவும் தாழ்த்துகின்றது. பல விட்டங்களையுடைய அதிர்வுகளிலே நடுப்பகுதி அசைவதே இல்லையென்னலாம். ஆதலால் அவற்றை அது அவ்வளவாகத் தீண்டுவதில்லை. இவ்வாறு ஒன்றைத் தாழ்த்தி ஒன்றை விட்டு, ஒன்பதையும் வரிசைக்குக் கொண்டுவருகின்றார் கைவினைஞர். ஐந்தாவதற்கு மேற்பட்டனவற்றை என் செய்வது? விளிம்பிலே மேலாக அமைந்த மீட்டுத்தோல் அவற்றை அமுக்கி மழுக்குகின்றது. எண்ணிறந்த சுயாதீனப் படிகளை உடைய பொருளொன்றிலே, காதுக்கு வேண்டிய ஒன்பதைத் தெரிந்து, எஞ்சியவற்றை ஓசையின்றி ஒதுக்கிவிடும் அமைப்பு இது. இக்காலப் பொறியியலாளர் கணனியின் உதவியோடு ஒரு பாலத்துக்குச் செய்வதும் பெரும்பாலும் இதுவே: ஆயிரக்கணக்கான படிகளைக் கணக்கிலே கொண்டு, ஆட்டத்தைத் தீர்மானிக்கும் முதற் சில அதிர்வுகளை மட்டும் வைத்துக்கொள்ளுதல். மிருதங்கக் கைவினைஞரின் பெயர் எந்த விஞ்ஞான ஏட்டிலும் இல்லை. அவருடைய வேலையைப் பௌதிகவியலின் மொழியில் எழுதி உலகின்முன் வைத்தவர் இராமன்.

இராமன் விளைவு யாவரும் அறிந்ததாதலின் அதனைச் சுருக்கமாகவே கூறுவோம். 1921இல் இங்கிலாந்து சென்று திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் சிந்தையைக் கவர்ந்தது. ஏழாண்டு உழைப்பின் பின், 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி, கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு புதிய ஒளிச்சிதறல் உறுதியாயிற்று. 1930இல் நொபெல் பரிசு கிடைத்தது. எமது இழைக்கு வேண்டியது இதுவே: மூலக்கூறொன்றின்மேற் பட்ட ஒளி சிதறும்போது அம்மூலக்கூறின் அதிர்வுகளுக்கேற்பத் தன் நிறத்தை மாற்றிக்கொள்கின்றது. ஆகவே சிதறிய ஒளியின் திருசியத்தைப் பார்த்து மூலக்கூறின் இயல்பு அதிர்வுகளை எண்ணலாம். அணுவொன்றுக்கு மூன்று படி. நீரின் மூலக்கூறில் மூன்று அணு. ஆகவே ஒன்பது படி. மூலக்கூறு முழுதாக இடம்பெயர்வதற்கு மூன்றும், முழுதாகச் சுழல்வதற்கு மூன்றும் கழிய, அதிர்வதற்கு மூன்று எஞ்சும். பென்சீனிலே பன்னிரண்டு அணு, முப்பத்தாறு படி, ஆறு கழிய முப்பது அதிர்வு. ஆனால் சமச்சீரினால் அவற்றுட் பல ஒரே மீடிறனைப் பெற, இருபது மீடிறன்களே வேறுபட்டு நிற்கும். மிருதங்கத்தின் ஒன்பது ஐந்தாக ஒடுங்கியதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். அங்கே கைவினை செய்ததை இங்கே மூலக்கூறின் வடிவமே செய்துவிடுகின்றது. காபனீரொட்சைட்டில் இரு ஒட்சிசன் அணுக்களும் ஒருங்கே விலகி ஒருங்கே நெருங்கும் அதிர்வைச் செங்கீழ்க் கதிர்கள் காட்டமாட்டா. இராமன் திருசியம் காட்டும். தோலின்மேல் மணல் ஆற்றிய தொண்டை மூலக்கூறுக்கு ஒளி ஆற்றத் தொடங்கியது.

1933இல் இராமன் பெங்களூரின் இந்திய விஞ்ஞான நிறுவனத்துக்கு இயக்குநராகச் சென்றார். அக்காலத்தில் ஜெர்மனியில் நாசி ஆட்சியினாற் பதவியிழந்த யூத அறிஞர் பலர் உலகெங்கும் புகலிடம் தேடிக்கொண்டிருந்தனர். அவர்களுள் மாக்ஸ் போர்ண் ஒருவர். பளிங்குகளின் அதிர்வுக் கணக்கில் அவருக்கு நிகரானவர் அன்று இல்லை. இராமன் அவரைப் பெங்களூருக்கு அழைத்தார். 1935–36இற் போர்ண் அங்கே சில மாதம் தங்கி விரிவுரையாற்றினார். நிலையான பேராசிரியர் பதவியொன்றை அவருக்கு அளிக்க இராமன் முயன்றது நிறுவனத்தினுள் எழுந்த எதிர்ப்பினால் நிறைவேறவில்லை. போர்ண் எடின்பரோவுக்குச் சென்றார். 1937இல் இராமனும் இயக்குநர் பதவியைத் துறந்து, பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். அவர் விரும்பி அழைத்த விருந்தினரே சில ஆண்டின் பின் அவருடைய பெரும் எதிர்வாதியானார். விதியின் விளையாட்டு என்பதன்றி வேறென் சொல்வோம்!

வாதத்தின் பொருள் வைரம். இராமனுக்கு வைரத்தின்மேல் இருந்த காதல் பெரிது. நூற்றுக்கணக்கான வைரங்களைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்தார். வைரம் காபன் அணுக்களாலான பளிங்கு. அதன் மிகச் சிறிய கலத்தில் இரண்டு அணு. அக்கலம் முப்புறமும் அடுக்கப்பட்டுப் பளிங்கு ஆகின்றது. கடுகளவான வைரத்திலும் அணுக்களின் தொகை எண்ணத்துக்கு எட்டாதது. அவ்வெண்ணின் மும்மடங்கு அதன் சுயாதீனப் படிகள். 1907இல் ஐன்ஸ்டைன் எல்லா அணுவும் ஒரே மீடிறனில் அதிரும் என்று கொண்டு தொடங்கினார். 1912இல் டிபாய் என்பார் பளிங்கை ஒரு தொடர்ந்த மீள்சத்தித் திண்மமாகக் கொண்டு கணித்தார். அதே ஆண்டில் போர்ணும் கார்மானும் அணுக்களைச் சுருள்வில்லாற் பிணைத்த மணிகளாகவே வைத்து, எல்லாப் படிகளையும் எண்ணினர். அக்கணக்கின்படி பளிங்கின் மீடிறன்கள் எண்ணிறந்தனவாய், ஒன்றையொன்று நெருங்கி, ஏறக்குறையத் தொடர்ச்சியாகப் பரந்து நிற்கும்.

1940களின் தொடக்கத்தில் இராமன் இதனை மறுத்தார். ஒரு கலத்திலுள்ள அணு, தொலைவிலுள்ள கோடானுகோடி அணுக்களின் ஆட்டத்தைப் பொறுத்து ஏன் அதிரவேண்டும் என்பது அவர் தடை. உண்மையான இயல்பு அதிர்வில், ஒரு திசையில் அடுத்தடுத்துள்ள கலங்கள் ஒன்றில் ஒருங்கே அசையும், அன்றேல் நேரெதிராக அசையும். மூன்றாவது நிலை இல்லை என்றார். மூன்று திசைக்கும் இவ்விரண்டிரண்டு நிலை. ஆகவே எட்டு வகை. எட்டுக் கலங்கள் கொண்ட ஒரு சிறு கூட்டமே பளிங்கு முழுவதற்கும் அளவாயிற்று. கலமொன்றிலுள்ள அணுக்களின் தொகையை ப எனக் கொண்டால், எட்டுக் கலத்துக்கும் 24ப படிகள். முழுதாக இடம்பெயர்வதற்குரிய மூன்றைக் கழிக்க 24ப − 3 அதிர்வுகள். வைரத்துக்கு ப என்பது இரண்டு. ஆகவே நாற்பத்தைந்து அதிர்வுகள். சமச்சீரினால் அவை ஒடுங்கி எட்டு மீடிறன்களாகும். எட்டே எட்டு! எண்ணிறந்த படிகளை ஒன்பதாகவும் ஐந்தாகவும் ஒடுக்கிய மிருதங்கத்தைக் கண்டவருக்கு வைரமும் அவ்வாறே இருத்தல் வேண்டுமென்று தோன்றியதோ என்று நாம் எண்ணுவதுண்டு. இதற்கு அவருடைய எழுத்திற் சான்று காட்ட இயலாது, எமது ஊகமே.

ஆதாரமின்றி அவர் வாதாடினார் என்று எவரும் நினைத்தல் வேண்டா. அவருடைய மாணவர் ஆர். எஸ். கிருஷ்ணன் இரசவிளக்கின் புறவூதா ஒளியைப் பயன்படுத்தி, வைரத்தின் இரண்டாம் வரிசை இராமன் திருசியத்தைப் படம்பிடித்தார். மிக மங்கலான அத்திருசியத்திலே கூரிய கோடுகள் தெரிந்தன. மீடிறன்கள் தொடர்ந்து பரந்திருப்பின் கூரிய கோடுகள் எங்ஙனம் வரும் என்று இராமன் வினவினார். நியாயமான வினா. எடின்பரோவிலே போர்ணும், அவருடைய மாணவியார் ஹெலன் சிமித்தும் விடை தேடினர். 1948இல் வெளிவந்த சிமித்தின் கணக்கு, தொடர்ந்த பரம்பலிலிருந்தே வைரத்தின் அத்திருசிய வடிவம் பெரும்பாலும் எழக்கூடும் எனக் காட்டியது.

தெளிவான விளக்கம் 1953இல் பெல்ஜியரான வான் ஹோவ் என்பாரிடமிருந்து வந்தது. பளிங்கின் மீடிறன்கள் தொடர்ந்தே பரந்துள்ளன. ஆனால் எங்கும் ஒரே செறிவில் அல்ல. சந்தை கூடும் நாளில் வீதியெங்கும் சனம் நடமாடினாலும் சந்திகளிலே நெரிசல் மிகுவது போல, சில மீடிறன்களிலே அதிர்வுகள் குவிந்து நெரிகின்றன. கூரிய கோடாகத் தோன்றுவது அந்நெரிசலே. எவ்விடங்களில் நெரிசல் நேரும்? அடுத்தடுத்த கலங்கள் ஒருங்கோ நேரெதிராகவோ அசையும் இடங்கள் சமச்சீரின் காரணமாக அவற்றுள் முக்கியமானவை. அதாவது, இராமன் எண்ணிய எட்டு வகைகளே! அவர் குறித்த அதிர்வுகள் உள்ளன, சிறப்புடையனவாயும் உள்ளன. அவற்றின் இடையே வேறெதுவும் இல்லை என்றதே பிழை. நியூத்திரன்களைப் பளிங்கிலே செலுத்தி ஒவ்வொரு அலைநீளத்துக்கும் உரிய மீடிறனை நேரே அளக்கும் முறையை 1950களிற் கனடாவிலே புறொக்ஹவுஸ் உருவாக்கினார். 1960களின் நடுப்பகுதியில் அம்முறையால் வைரமும் அளக்கப்பட்டது. மீடிறன்கள் எட்டுப் புள்ளிகளாக நிற்கவில்லை. தொடர்ந்த வளைகோடுகளாகவே ஓடின. அத்துடன் வழக்கு முடிந்தது. இராமன் ஏற்றாரல்லர்.

இப்பிடிவாதத்தினால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. பெங்களூரிற் பல இளைஞரின் உழைப்பு ஆண்டுக்கணக்காக 24ப − 3 என்னும் வாய்பாட்டைச் சுற்றியே சென்றது. அவர்கள் எடுத்த படங்களும் அளவீடுகளும் அக்காலத்துக்கு மிகச் சிறந்தன. அவற்றுக்கு அவர்கள் கூறிய விளக்கமோ நின்று நிலைக்கவில்லை. வயலினின் பெட்டியையும் கணக்கிலே சேர்த்து ஒன்றை இரண்டாக்கிய அதே கை, வைரத்தில் அளவிறந்ததை எட்டாகக் குறைத்தது. நரம்பும் தோலும் காதுக்கும் விரலுக்கும் எட்டுவன; ஒன்றை விட்டாற் பிழை உடனே ஒலித்துக் காட்டும். வைரத்தின் அணுக்களை அவ்வாறு தொட்டுப்பார்க்க அன்று வழியில்லை. மேலும், ஒருமுறை உலகமே தம்மை ஐயுற்று நிற்கத் தாம் சரியென நிறுவியவருக்கு மறுமுறையும் அவ்வாறே முடியும் என்ற நம்பிக்கை எழுதல் இயல்பு. போர்ணிடத்து அவர் நடந்துகொண்ட கடுமையை நாம் மெச்சவில்லை. அவருடைய வினாவின் கூர்மையை மெச்சாதிருக்கவும் இயலவில்லை; அக்கோடுகளை எடுத்துக்காட்டி அவர் உரத்துக் கேட்டிராவிடின், அவற்றை விளக்கவேண்டும் என்ற அவசரம் எடின்பரோவிலே அத்துணை எழுந்திராது.

1948இல் நிறுவனத்திலிருந்து ஓய்வுபெற்று, பெங்களூரிலேயே தம் பெயரால் ஆராய்ச்சி நிலையமொன்றை அமைத்துக்கொண்டார். 1954இல் இந்திய அரசு பாரதரத்தினம் அளித்தது. அதே ஆண்டில் மாக்ஸ் போர்ண் நொபெல் பரிசு பெற்றார். முதுமையிலும் இரத்தினங்கள், மலர்களின் நிறம், கண்ணின் பார்வை என்று அவர் ஆராய்ச்சி ஓயவில்லை. போர்ண் 1970ஆம் ஆண்டு சனவரியிற் காலமானார். அவ்வாண்டு நவம்பர் 21ஆந் திகதி இராமனும் காலமானார். அவர் விருப்பப்படியே சடங்கு எதுவுமின்றி, அவருடைய ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டத்திலே தகனம் நிகழ்ந்தது. அவர் சேர்த்த பளிங்குகளும் இரத்தினங்களும் அந்நிலையத்திலே பேணப்பட்டு வருகின்றன.